வெயிலுக்கு ஓலைத் தொப்பி: வீட்டிலேயே பின்னித் தைத்து வடிவமைக்கும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் நிலத்து வேலை முற்றிலும் ஓய்ந்திருக்கும் காலம் மிகச் சொற்பம். 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை திறக்கப்பெற்று, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தண்ணீர் கிழக்கு நோக்கித் திரும்பியது முதல் இப்பள்ளத்தாக்கின் நன்செய்கள் இருபோகம் விளைபவையாயின. கூடலூர்ப் பக்கத்திலிருந்து பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இவ்வாறு பாசனம் பெறுகிறது. நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுப்பு, போரடி ஆகிய யாவும் தலைக்குமேல் நிழலின்றி நடைபெறும் வேலைகளே. திராட்சைப் பந்தலின் கீழும் தென்னந்தோப்பிலும் வேலை செய்கிறவர்களை மட்டும் இதற்கு விலக்காகச் சொல்லலாம். புன்செய்க் காட்டில் பருத்தியும் சோளமும் பார்ப்பவர்களின் நிலைமையைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

இவ்வேலைகளைச் செய்கிறவர்கள் தலைக்குக் காப்பாகக் கொள்வது ஒரு துண்டையே. ஆண்கள் முண்டாசாகக் கட்டுகிறார்கள். பெண்கள் முந்தானையை முக்காடிட்டு அதன்மேல் துண்டைச் சுற்றிக்கொள்ளுகிறார்கள். துண்டு இகழத்தக்கதன்று. வேர்வையை உறிஞ்சும், நனைத்துக் கட்டினால் குளிர்ச்சி தரும், சுமை தூக்கும்போது சும்மாடாகும், களைத்து உட்கார்ந்தால் விசிறியும் ஆகும். ஆனால் அது உச்சியை மறைக்கிறதேயன்றி நெற்றி, கண், காது, பிடரி ஆகியவற்றுக்கு நிழல் தருவதில்லை. குனிந்து களையெடுக்கிறவருடைய பிடரியில் பத்து மணி முதல் வெயில் நேராக விழுகிறது. 3 அங்குல அகலமுள்ள விளிம்போடு கூடிய ஓலைத் தொப்பி இவ்விடங்களையெல்லாம் மறைக்கும். ஓலையின் இடுக்குகளால் காற்றுப் புகுவதால் உள்ளே புழுங்குவதும் குறைவு.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நலம். தொப்பி வெயிலைக் குறைக்குமேயன்றி உடம்பின் சூட்டை முற்றும் தணிக்காது. கத்திரி வெயிலில் வேலை செய்கிறவர் அடிக்கடி தண்ணீர் அருந்துவதும், உச்சிப்பொழுதில் நிழலில் ஒதுங்குவதும் தொப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவசியமானவை. தலைசுற்றல், வாந்தி, பேச்சுத் தடுமாற்றம் காணப்பட்டால் உடனே நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் நீர் தெளித்து விசிறி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

தொப்பி நல்லதென்றால் கிராமத்தார் ஏன் அணியவில்லை? செலவைக் காட்டிலும் கூச்சமே இதற்குக் காரணமாகத் தோன்றுகிறது. ஐரோப்பியரைத் தொப்பிக்காரர் என்றே நம் ஜனங்கள் ஒரு காலத்தில் அழைத்தார்கள். தொப்பி துரைமார்க்கும் அவர்கள் கீழிருந்த அதிகாரிகளுக்கும் உரிய சின்னமாயிற்று. மற்றொரு புறம், நிலச்சொந்தக்காரர் எதிரில் வந்தால் பண்ணையாள் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டவேண்டுமென்ற கொடிய வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. இவ்விரண்டின் நிழலும் இன்னும் முழுவதும் நீங்கவில்லை. வயலில் ஒருவர் மட்டும் தொப்பி அணிந்தால் மற்றவர் நகைக்கிறார்கள். பெண்ணானால் கேட்கவே வேண்டாம். துரைமார் அணிந்த தொப்பியோ இந்நாட்டுக் கைத்தொழிலாளர் குளங்களில் விளையும் நெட்டியைக் கொண்டு செய்ததுதான். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அதன் மவுசு மறைந்தது. ஆயினும் நெட்டி வேலை தஞ்சாவூரில் இன்றும் நடந்துவருகிறது. அதற்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலையாளத்து உழவர் ஓலையும் மூங்கிலும் கொண்டு தொப்பிக்குடை செய்து அணிந்தனர். அஸ்ஸாமியருக்கு ஜாபி என்னும் அகன்ற தொப்பி பெருமைக்குரிய பொருள். ஆதலால் தொப்பி அந்நியப் பொருளென்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை.

ஓலை

தென்னோலையைக் காட்டிலும் பனையோலையே தொப்பிக்கு ஏற்றது. ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர் பக்கங்களில் மானாவாரி நிலத்து வரப்புகளில் பனை காணப்படும். காவோலை இதற்கு உதவாது, முறிந்துபோகும். விரியாத குருத்தும், அதற்கு அடுத்துப் பாதி விரிந்த சாரோலையுமே வேண்டும். குருத்து வெளுப்பாயும் மிருதுவாயும் இருக்கும். சாரோலை சற்று முரடானாலும் நெடுநாள் உழைக்கும். முதல் தொப்பியைச் சாரோலையில் செய்து பழகுவது உசிதம்.

குருத்தை எடுப்பதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் இலைதான் விடுகிறது. ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தறுத்தால் மரம் நலிந்துபோகும். தரையிலிருந்தே கைக்கெட்டும் வடலிகளில், மரத்துக்கு ஒன்றாக, முறைவைத்து எடுப்பதே நன்று. குருத்தின் அடியில் உள்ள முனையைக் கத்தி தீண்டலாகாது. 2021-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில், மாவட்ட ஆட்சியருடைய அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்று அறிவிக்கப்பட்டதையும் அங்கத்தினர்கள் அறிவார்கள். மரம் நின்றால்தான் ஓலை.

அறுத்த குருத்தை விரித்து, ஒவ்வோர் இதழாகப் பிரித்து, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கவேண்டும். ஈர்க்குகளை எறிந்துவிடாமல் கட்டி வைக்க, பின்னால் வேலையிருக்கிறது. ஓலையைக் கொதிநீரில் சிறிது நேரம் அவித்து நிழலில் உலர்த்தினால் மிருதுவும் உறுதியும் பெறும். ஏட்டுச்சுவடி எழுதிய காலத்தில் ஓலையை அவித்து உலர்த்திப் பாடம் செய்த முறையே இது. பச்சையாகவே பின்னினால் காயும்போது ஓலை சுருங்கிப் பின்னல் தளர்ந்துபோகும். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தவற்றினாலேயே மனம் சலித்துக் கைவிடுகிறார்கள்.

உலர்ந்த ஓலையைக் கால் அங்குல அகலமுள்ள வார்களாக வாரவேண்டும். ஒரு சிறு பலகையில் இரண்டு ஊசிகளைக் கால் அங்குல இடைவெளியில் நிறுத்தி, ஓலையை அவற்றின்மேல் வைத்து இழுத்தால் வார்கள் ஒரே அளவாக வரும். கண்ணளவில் கத்தியால் வாருவது தேர்ந்த கைகளுக்கே கூடும். பின்னுவதற்குமுன் வார்களை நீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளவேண்டும்.

பின்னல்

தலைமுடியை மூன்று காலாகப் பின்னத் தெரிந்த எவருக்கும் ஐந்திழைப் பின்னல் அரைநாளில் வந்துவிடும். இடப்புறம் மூன்று வார், வலப்புறம் இரண்டு வார் இருக்கட்டும். இடக்கோடியிலுள்ள வாரை அடுத்ததன் மேலும் அதற்கடுத்ததன் கீழுமாகச் செலுத்தி வலப்புறத்தோடு சேர்க்க. இப்போது வலப்புறம் மூன்றாகும். அதேபோல் வலக்கோடியிலுள்ளதை அடுத்ததன் மேலும் அதற்கடுத்ததன் கீழுமாகச் செலுத்தி இடப்புறம் சேர்க்க. இவ்வாறே மாறிமாறிச் செய்துவந்தால் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ள பட்டையான பின்னல் வரும். வார் முடியும் தருவாயில் புதிய வாரின் நுனியைப் பழையதன்மேல் 3 அங்குலம் படிய வைத்து இரண்டையும் ஒன்றாகக் கருதிப் பின்னவேண்டும். இரண்டு இணைப்பு ஒரே இடத்தில் வரலாகாது. அவ்விடம் தடித்துத் தையலுக்கு இடைஞ்சல் செய்யும்.

ஒரு தொப்பிக்கு எவ்வளவு பின்னல் வேண்டும்? தலைச்சுற்று 22 அங்குலம், உயரம் 4 அங்குலம், விளிம்பு 3 அங்குலம் என்று கொண்டால் ஏறத்தாழ 24 முழம் செல்லும். சேதாரத்துக்கும் சேர்த்து 28 முழம் பின்னிச் சுருளாகச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். பின்னும் வேலைக்குக் கண்ணைச் செலுத்த வேண்டுவதில்லை. ஆடு மேய்க்கும்போதும் மாலையில் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போதும் கைபாட்டுக்கு நடக்கும். தென் அமெரிக்காவில் ஈக்வடார் தேசத்துக் குடியானவர்கள் டோக்கில்லா என்னும் ஓலையைக் கொண்டு நெய்யும் தொப்பி உலகமெங்கும் பிரசித்தி பெற்றது. அதை 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வேடிக்கை என்னவென்றால், பனாமா வழியாக விற்பனைக்குச் சென்றதனால் அதற்குப் பனாமாத் தொப்பி என்ற பெயரே நிலைத்துவிட்டது. உழைத்த ஊருக்குப் பெயர் கிடைக்காமற்போவது எங்குமுள்ள வழக்கம்தான்.

தைத்தலும் வடிவமும்

தொப்பியின் உருவம் முழுவதும் தையலில்தான் அடங்கியிருக்கிறது. இதைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும்.

முதலில் தலையை அளக்க. நெற்றியின் நடுவும் காதுகளின் மேலுமாக நூலைச் சுற்றி அளந்து, அதோடு அரை அங்குலம் கூட்டிக்கொள்ள. 21½ அங்குலத் தலைக்கு 22 அங்குலத் தொப்பி. தலை முழுவட்டமன்று, முன்பின்னாக நீண்டது. ஆகையால் பின்னலின் நுனியை 1 அங்குலம் நேராக வைத்து, பிறகு மடக்கி, அதைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றோடு கால் அங்குலத்துக்குச் சற்று மேல் படிந்திருக்கவேண்டும். அப்போது சுற்றுக்கு அரை அங்குலம் வீதம் வேலை முன்னேறும்.

எந்தச் சுற்று மேலே, எந்தச் சுற்று கீழே என்பது முக்கியம். கூரை வேயும்போது மேற்கீற்று கீழ்க்கீற்றின்மேல் படிவதுபோல, உச்சிக்கு அருகிலுள்ள சுற்று வெளிப்புறமாகவும், அடுத்த சுற்று அதன் அடியிலும் வரவேண்டும். மாற்றித் தைத்தால் மழைநீர் ஒவ்வொரு மடிப்பிலும் தங்கி உள்ளே சொட்டும்.

நூலை மெழுகிட்டுக் கொள்க. தையல் மேற்புறம் சிறிதாகவும் உட்புறம் நீளமாகவும் இருக்கட்டும். பின்னல் ஈரமாயிருந்தால் ஊசி எளிதில் ஏறும்.

இனி வடிவத்தின் சூத்திரம். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று வரும்போது இரு பக்கமும் அரையரை அங்குலம் கூடுவதால் அகலம் 1 அங்குலம் கூடுகிறது. அகலம் 1 கூடினால் சுற்றளவு 3 அங்குலத்துக்குச் சிறிது மேல் கூடவேண்டும். இவ்வளவு பின்னலைத் தாராளமாக விட்டுத் தைத்தால் வேலை தட்டையாக விரியும். கூடுதல் ஒன்றுமில்லாமல் முந்திய சுற்றின் அளவுக்கே இறுக்கித் தைத்தால் நேராகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவாக விட்டால் சரிவாகக் கவியும். அளவுக்கு மிஞ்சி விட்டால் அலையலையாக மடிந்து நெளியும். தொப்பி செய்கிறவர்கள் கைவாக்கில் அறிந்திருப்பதெல்லாம் இந்தக் கணக்கே.

ஆகவே, உச்சித்தட்டை முதல் 6 அல்லது 7 சுற்றில் தட்டையாகத் தைக்க. நீளவாட்டில் ஏழரை அங்குலமும் அகலவாட்டில் ஆறரை அங்குலமும் ஆனவுடன் சுற்றளவு 22-ஐ ஒட்டி வந்திருக்கும். நூலால் அளந்து பார்க்க. பிறகு கூடுதல் விடாமல் இறுக்கி 8 சுற்றுத் தைத்தால் 4 அங்குல உயரம் கிடைக்கும். தட்டிலிருந்து கீழிறங்கும் திருப்பத்தில் முதற் சுற்றைக் கட்டைவிரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு தைக்கவேண்டும். அவ்விடத்தில் அவசரப்பட்டால் தொப்பி கூம்பாகிவிடும். பின்பு விளிம்புக்கு 6 சுற்று. இங்கே சுற்றுக்கு 3 அங்குலம் முழுதும் விடாமல் இரண்டரை அல்லது இரண்டேமுக்கால் அங்குலம் விட்டால், விளிம்பு சற்றே கீழ்நோக்கிச் சரிந்து கண்ணுக்கும் பிடரிக்கும் நல்ல நிழல் தரும். கடைசிச் சுற்றின் மடிப்புக்குள் முன்னே கட்டி வைத்த ஈர்க்குகளில் நாலைந்தைச் சேர்த்து வைத்துத் தைத்தால் விளிம்பு தொய்யாது.

படிய வைப்பதற்கு விலையுயர்ந்த அச்சு தேவையில்லை. தலைச்சுற்றுக்கு ஒத்த மண் கலயம் ஒன்று போதும். தொப்பியை நீரில் நனைத்து, கவிழ்த்து வைத்த கலயத்தின்மேல் இழுத்து மாட்டி, உச்சியைக் கையால் தட்டிச் சமப்படுத்தி, விளிம்பு தொடங்கும் இடத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும். விளிம்பை நடுவில் துளையிட்ட பலகையின்மேல் படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றலாம். நிழலில் ஒரு பகலும் ஓர் இரவும் காய்ந்தபின் எடுத்தால் உருவம் நிலைத்துவிடும். வெயிலில் காயவைத்தால் ஓலை வெடிக்கும். சிலர் கஞ்சிப்பசை பூசி விறைப்பாக்குகிறார்கள். அது பூச்சியை அழைப்பதோடு முதல் மழையிலேயே கரைந்தும் போகும். தையல் சரியாயிருந்தால் பசை வேண்டுவதேயில்லை.

உட்புறத்தில் பழைய வேட்டித்துணியை மடித்து ஒன்றரை அங்குலப் பட்டையாகத் தைத்தால் வேர்வையை வாங்கும். அழுக்கானால் பிரித்துத் துவைக்கலாம். மோவாய்க்கயிறும் அவசியம். கம்பம் கணவாயின் வழியாக ஆடியில் வீசும் காற்றை அறிந்தவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்லவேண்டியதில்லை. அம்மி பறக்கும்போது தொப்பி எம்மாத்திரம்!

தென்னந்தோப்பில் இருக்கிறவர்கள் ஒருநாள் தொப்பியொன்றைக் கால்மணியில் செய்துகொள்ளலாம். பச்சைத் தென்னை மட்டையில் இருபது கீற்றளவு துண்டை வெட்டி, மட்டையை மெல்லிய பட்டையாகச் சீவி, தலையளவுக்கு வளைத்துக் கட்டி, கீற்றுகளை ஒன்று விட்டு ஒன்றாகப் பின்னி உச்சியில் முடிந்துவிட்டால் ஆயிற்று. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். பிள்ளைகளுக்குப் பின்னல் பழக்குவதற்கும் இது நல்லது.

தொப்பியால் ஆகாத வேலைகளும் உண்டு. தலைச்சுமைக்கு இது தடை; சும்மாடே உரியது. மழையில் குனிந்து நடவு செய்கிற பெண்களுக்கு நனைவது முதுகு. அவர்களுக்குக் கொங்காணியே ஏற்றது. சாக்கின் அடிமூலை ஒன்றை மற்றதனுள் செருகினால் தலை முதல் இடுப்பு வரை மூடும் கொங்காணி கிடைக்கும். கம்பம் மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஆனி ஆடிச் சாரலில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்துக்கொள்வதும் இதன் மறுவடிவமே. கொங்கண தேசத்து உழவர் மூங்கிலும் இலையும் கொண்டு இர்லே என்று முதுகை மூடும் கூடு செய்திருக்கிறார்கள். மூங்கில் கிடைக்கும் மலையடிவார ஊர்களில் அதைச் செய்து பார்க்கலாம்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று தொப்பி தேவை. அதற்காக அவரவர் மர அச்சு வாங்குவது வீண் செலவு. கூட்டுறவுச் சங்கம் 21, 22, 23 அங்குலச் சுற்றுள்ள மூன்று அச்சுகளைத் தச்சரிடம் கடைந்து வாங்கிப் பொதுவில் வைத்து, அங்கத்தினருக்கு முறைப்படி இரவல் கொடுக்கலாம். பனையுள்ள நிலச்சொந்தக்காரர்களோடு பேசி, ஆண்டுக்கு இத்தனை குருத்து என்று வரையறுத்து மொத்தமாகப் பெற்றால் விலையும் நயமாகும், மரமும் பிழைக்கும். ஆளுக்கொரு பக்கமாக அறுத்தால் இரண்டும் கெடும்.

விற்பனை செய்ய விரும்பும் சங்கங்கள் முதலில் தங்கள் ஊரார் ஓர் கோடை முழுவதும் அணிந்து பார்க்கும்படி செய்யவேண்டும். சொந்தத் தலையில் நிற்காத தொப்பியைச் சந்தைக்கு அனுப்புவதால் பயனில்லை. கடன் வாங்கிச் சரக்குச் சேர்ப்பதும் தகாது. ஓலைக்கு முதல் சொற்பமே, கை உழைப்பே பெரும்பங்கு. சுருளி அருவிக்கும் குமுளி வழியாகத் தேக்கடிக்கும் வருகிற பிரயாணிகள் வாங்கக்கூடும். ஆனால் அவர்கள் பார்ப்பது வெண்மையும் ஒழுங்கான தையலும்; வயலுக்கு வேண்டுவது உறுதி. இரண்டையும் கலந்து விற்றால் இரு பக்கமும் குறை சொல்வார்கள். குருத்தில் செய்ததை ஒரு விலைக்கும் சாரோலையில் செய்ததை மற்றொரு விலைக்கும் பிரித்து, உட்பட்டையில் சுற்றளவைக் குறித்து வைக்கவேண்டும்.

பின்னுகிறவர்களுக்கு முழக் கணக்கிலும், தைக்கிறவர்களுக்குத் தொப்பிக் கணக்கிலும் கூலி பிரித்து, வாரந்தோறும் தீர்த்துவிடவேண்டும். பெண்கள் சிறு தொகையானாலும் கையில் கண்டால்தான் அடுத்த வாரம் பின்னுவார்கள். விற்ற பிறகு பார்க்கலாமென்று தள்ளிப்போட்ட கைத்தொழில் எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. கடன் தொழிலைத் தவிர்ந்த மற்றக் காரியங்களுக்கும் சங்கம் அமைக்கலாமென்று 1912-ஆம் வருஷத்துச் சட்டமே இடங்கொடுத்தது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவு முறையில் பனையோலைப் பொருள்கள் செய்து விற்றுவருகிறார்கள். தனித் தொழிற்சங்கமாகப் பதிய விரும்புகிறவர்கள் தேனியிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தறியலாம்.

நன்றாகச் செய்த தொப்பியைத் தரையில் போடாமல் முளையில் மாட்டி வைக்கவேண்டும். ஐப்பசி அடைமழையில் பூஞ்சணம் பிடிக்காமல் அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகைபடும்படி தொங்கவிடுவது உத்தமம். உட்கார்ந்தோ மிதித்தோ நசுங்கிப்போனால் எறிந்துவிட வேண்டாம். இரவில் நீர் தெளித்து அதே கலயத்தின்மேல் மாட்டிக் கயிற்றைக் கட்டி வைத்தால், காலையில் வேலைக்குப் புறப்படும் நேரத்துக்குப் பழைய வடிவம் வந்திருக்கும்.